சகலையின் வீடியோவில் என் மனைவியின் சிரிப்பு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மூத்த தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் சின்னத் தங்கையின் கணவர், அதாவது என் சகலை, தேவைக்கு அதிகமாகவே நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இரண்டு தங்கைகளையும் வாஷிங் மெஷின் மெக்கானிக்குகளுக்கே கட்டிக்கொடுத்தவர் நீங்கள். அதனால் பஞ்சாயத்தும் உங்களிடம்தான் வருகிறது.

சகலை வீடியோ போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. அவர் செய்வது இவ்வளவுதான்: மெஷினின் அடியில் இருக்கும் ஃபில்டரைத் திருகிக் கழற்றி, உள்ளே கையை விட்டு, "உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். ஒற்றை சாக்ஸ் வரும், பொம்மையின் கால் வரும், ஒரு தடவை பல் செட் வந்தது. அந்தப் பல் செட்டை ஒரு நகரமே பார்த்தது. நானும் தினம் இதையெல்லாம்தான் எடுக்கிறேன். துடைத்து, உரியவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு வருகிறேன். போன வாரம் ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீடியோல வர்றவர் வரலையா?" என்றார். "நான் அவரோட சகலைங்க" என்று என் வாயாலேயே சொன்னேன். "அப்ப எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கை வைங்க" என்றார். வயிறு எரிந்தது மச்சான், மறைப்பானேன்.

சரி, நாமும் போடுவோம் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு மெஷின் பக்கத்தில் நின்று, மகளைப் படம் பிடிக்கச் சொன்னேன். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, நான் யார், என் அனுபவம் என்ன, துணி துவைப்பது ஏன் அவசியம் என்று விளக்கி வருவதற்குள் வீடியோவே முடிந்துவிட்டது, மெஷினைத் தொடவில்லை. அதை அப்படியே போட்டும் விட்டேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, நீங்க வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் விரலால தள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆப் முதல்ல கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவங்க கடைசி வரைக்கும் பார்த்தா இன்னும் நிறைய பேருக்குக் காட்டும். இல்லேன்னா அதோட மூட்டை கட்டிடும்" என்றாள். வணக்கம் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று கேட்டேன். "கையில சாக்ஸோட நுழையுங்கப்பா" என்றாள். மறுநாள் வேலைக்குப் போன வீட்டில் அப்படியே நுழைந்தேன். என் கெட்ட நேரம், அந்த வீட்டு ஃபில்டரில் ஒரு நூல்கூட இல்லை. வேறு வழியில்லாமல் என் காலிலிருந்த சாக்ஸையே கழற்றி உள்ளே வைத்து எடுத்தேன். அதற்கு வந்த ஒரே கமெண்ட், "சாக்ஸ் நனையவே இல்லையே". போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சகலைதான். பக்கத்தில் ஒரு ஹார்ட் வேறு.

அன்றிலிருந்து அவர் வீடியோக்களில் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். 'நியாயவாதி' என்று ஒரு கணக்கு தொடங்கி, தண்ணீர்க் குழாயை மூடாமல் ஃபில்டரைத் திறக்கிறார், தரையில் துணி விரிக்கவில்லை என்று எழுதினேன். நான்கு பேர் என்னைத் திட்டினார்கள், நான் பதிலுக்குத் திட்டினேன், ஆறு பேர் சண்டை பார்க்க வந்தார்கள். சகலையின் கூட்டம் இரண்டு மடங்கானது. விஷயம் தெரிந்து மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க திட்டுறீங்களா கொஞ்சுறீங்களான்னு ஆப்புக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் பார்க்குறீங்க, பக்கம் பக்கமா எழுதுறீங்க. சித்தப்பாவை இவ்வளவு தூரம் தூக்கிவிட்டதுல உங்களுக்கும் பங்கு இருக்கு." இப்போது என் போனைத் திறந்தாலே அவர் முகம்தான் வருகிறது.

அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பல் செட் வெளியே வந்ததும், படம் பிடிப்பவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கமெண்டில் பாதிப் பேர், 'சிரிக்கிறது யாரு? அந்தச் சிரிப்புக்காகவே பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை, சகலை ரிப்பேர் மெஷின்களைத் தன் வீட்டில் வைத்துப் பிரிக்கும் நாளில், தங்கச்சி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பும் உங்கள் மூத்த தங்கை. இந்த வீட்டில் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், "சரி, குளிச்சிட்டு வாங்க" என்பாள். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரித்திருக்கிறாள் மச்சான். ஊரெல்லாம் சகலையைப் பார்க்கட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பு அவருக்குப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே நீங்கள் பெரிய மனது வைத்து, சகலையைக் கூப்பிட்டு வீடியோவை நிறுத்தச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமையாவது எடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. சகலைக்கு ஆசி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். சாக்ஸ் கழற்றிய இடம் வந்ததும் நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏங்க, இதை அப்படியே வாசிங்க, நான் பிடிக்கிறேன்" என்று போனை எடுத்தாள். வாசித்தேன். அவள் கை ஆடிய ஆட்டத்தில் படம் முழுக்க ஃபேனும் சுவரும்தான் தெரிகின்றன, என் தலை எங்கேயும் இல்லை. ஆனால் சிரிப்பு சுத்தமாகக் கேட்கிறது. மகள் உடனே போடச் சொல்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன், ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், சகலையிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வீடியோவை அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். முழுசாகப் பார்த்தாரா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.