டிரைவரக்காவும் ஒரு டிராகனும்

லைசென்ஸ் கிடையாது. ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. டாக்ஸியில் ஏறினாலே குமட்டும். ஆனாலும் ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டிய ஒரே தாராவிக்காரி எங்கள் டிரைவரக்காதான். ஓட்டியதெல்லாம் மும்பையில், அம்பர்நாத் ஸ்லோ லோக்கல் ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மெண்டில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடி.

நிஜப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவர். சயானில் ஏறி தாணேயில் இறங்குவார். அங்கே பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பிறந்ததே தாராவியில்தான் என்றாலும், பேச்சைக் கேட்டால் இப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவர் போல இருக்கும்.

அக்கா லாரி ஓட்டிய மெஷின், அவர் மகன் ஆசையாய் வாங்கியது. கையில் பிடித்து விளையாடுகிற கம்ப்யூட்டர். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பிடி. காது வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். அவனுக்கு வேலை கிடைத்ததும் அது பீரோ மேல் ஏறிவிட்டது. “மெஷின ஓட்டாமப் போட்டா கெட்டுப் போகும்லா” என்று அக்கா கீழே இறக்கினார். மிஞ்சிய யூனிஃபார்ம் துணியில் உறை தைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயிலுக்கு வந்துவிட்டார்.

முதல் நாளே ஷ்ருதி என்கிற காலேஜ் பெண் வாயைப் பிளந்தாள். “ஆன்ட்டி! இதுல பெரிய பெரிய கேம் எல்லாம் ஓடும். நீங்க என்ன ஆடறீங்க?”

“வெங்காயம்.”

விவசாய விளையாட்டு. உழுது, விதைத்து, தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். பட்டாணி உரிக்கிற பெண்களும் பூக்கட்டுகிற பெண்களும் கையை நிறுத்திவிட்டு அக்காவின் வெங்காயத்தைப் பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் அக்கா விவசாயத்தை விட்டார். “கேட்ட நேரம் மழை பெய்யுது. பூச்சி கெடையாது. எவனோ வயலையே பாக்காதவன் செஞ்சிருக்கான்!”

அடுத்ததுதான் ஐரோப்பாவில் லாரி ஓட்டுவது. மற்றவர்கள் அந்த விளையாட்டில் பறப்பார்களாம். அக்கா பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், ஈ காக்கை இல்லாத சாலையில், சிவப்பு விளக்குக்கு நின்று காத்திருப்பார். “போங்க ஆன்ட்டி, யாரும் இல்ல” என்பாள் ஷ்ருதி. “போலீஸ் இல்லேன்னா போயிருவியா நீ?” என்று அக்கா திருப்பிக் கேட்பார். ஒருநாள் தாணே வந்தும் எழுந்திருக்கவில்லை. “அக்கா, ஸ்டேஷன்!” என்று நான் உலுக்கினேன். “சரக்க நடு ரோட்டுல போட்டுட்டு எறங்கச் சொல்லுதியாட்டி?” என்றவர், அம்பர்நாத் வரை போய் சரக்கை இறக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு ஷ்ருதி, “இது ரொம்பக் கஷ்டம், என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இப்ப இதுலதான் கிடக்கறாங்க” என்று ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். கவசம் போட்ட வீரன் ஒருவன், மலை மாதிரி ஒரு டிராகன். தினமும் விக்ரோலி வருவதற்குள், “செத்துட்டேன்” என்று அக்கா சத்தமாக அறிவிப்பார். “அரே பாப்ரே!” என்று ஸீட் முழுக்க உச்சுக் கொட்டும். ஒருநாள் அக்கா கதவோரம் எட்டிப் பார்க்கப் போயிருந்தபோது, “டிரைவரக்கா இன்னைக்கு எத்தனை தடவை செத்தாங்க?” என்று நான் ஷ்ருதியைக் கேட்டேன். எதிரே புதிதாக வந்து உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

சாவதைப் பற்றி அக்காவுக்கு வருத்தமே இல்லை. “மூணு தடவ வால ஆட்டும், பெறகுதான் தீயக் கக்கும். எங்க கம்பெனி ஓவர்லாக் மெஷினும் இப்படித்தான், நூல் அறுக்கதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கொடுக்கும். கவனிச்சாப் பிடிபட்டுரும்.”

அந்த ஜூலையில் ஒருநாள் பேய்மழை. ஆபீஸ்கள் மதியமே விட்டுவிட்டன. வீடு திரும்பிய எங்கள் ரயில் குர்லாவைத் தாண்டியதும் நின்றது. தண்டவாளம் தெரியவில்லை, வெறும் தண்ணீர்தான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எங்களைப் பராக்குக் காட்டத்தானோ என்னவோ, அக்கா டிராகனோடு மோத ஆரம்பித்தார். அன்றைக்கென்று அடி ஒவ்வொன்றும் விழுந்தது. டிராகனின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு நகக்கண் அளவுக்குக் குறைந்துவிட்டது. கம்பார்ட்மெண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அப்போது பக்கத்தில் மீனல் விசும்பினாள். பட்டாணி உரிக்கும் மராத்திப் பெண். ஆறு வயது மகள் சயானில் பள்ளியில் காத்திருக்கிறாள். மீனலின் போன் அணைந்துவிட்டது. எங்கள் போன்களை நீட்டினோம். அவளுக்கு நம்பர் ஒன்றுகூட மனப்பாடமில்லை, எல்லாம் அந்தப் போனுக்குள். இருந்த ஒரே பவர் பேங்கும் எப்போதோ தீர்ந்திருந்தது.

அக்கா நிமிர்ந்தார். “ஷ்ருதி, இதுலேர்ந்து போனுக்கு சார்ஜ் ஏறுமா?”

“ஏறும் ஆன்ட்டி. ஆனா பேட்டரி ஒன்பது பெர்சென்ட்தான் இருக்கு. கேமை மூடினாத்தான் ஏறும். இன்னும் ரெண்டே அடி! மூடினா இத்தனையும் வேஸ்ட், முதல்லேர்ந்து...”

“போகட்டும்ட்டி. அந்தப் பிள்ள மழையில நிக்கும்லா. கேபிள எடு.”

விளையாட்டை மூடிவிட்டார். டிராகன் பிழைத்துக்கொண்டது. கேபிளைச் செருகி, மெஷினையும் மீனலின் போனையும் மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பது போல் அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் ஆனது. போன் உயிர் பெற்றது. முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை டீச்சர் எடுத்தார். போன் குழந்தையிடம் போனது.

“ஆயீ, நீ மெதுவா வா. இங்க வடா கொடுக்கறாங்க. நான் மூணு தின்னுட்டேன்!” என்றாளாம் மராத்தியில். மீனல் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள். கம்பார்ட்மெண்ட் கைதட்டியது.

“மூணா? வயிறு வலிக்கப் போவுது” என்றார் அக்கா.

டிராகனை வீழ்த்த அதற்கப்புறம் ஒரு மாதம் ஆனது. காஞ்சூர்மார்க்கில், காலை நேரத்தில், அது விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த பெட்டி ஆண்கள் ஏதோ விபத்து என்று எட்டிப் பார்த்தார்கள். மீனல் அக்காவின் வாயில் ஒரு பேடாவைத் திணித்தாள். அக்காவோ விழுந்து கிடந்த டிராகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பாவம், அதுக்கும் இனி வேலையில்ல” என்றார்.

இப்போது அக்கா கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார். ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார். நேற்று காட்கோபரில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியது. நிற்கவே இடமில்லை. மூச்சு வாங்க வந்த ஒரு பெண், அக்காவின் ஜன்னலோர ஸீட்டில் நான் வைத்திருந்த கைப்பையைக் காட்டி, “இங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டாள்.

மராத்தியில் மீனல், இந்தியில் ஷ்ருதி, தமிழில் நான், மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: “இருக்காங்க.”