நாலு ட்ரிப்புக்கு ஒரு பாடம்

செட்டிகுளம்,
செவ்வாய்.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பிரவீணா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அவரும் பிள்ளையும் இரண்டு மாடுகளும் நலம். அரியலூரில் நீங்களும் அண்ணியும் நலம் என்று நேற்றே போனில் கேட்டுக்கொண்டேன். இதைப் போனில் பேசினால் மாமியார் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

குரூப் ஃபோர் பரீட்சைக்கு நீங்கள் நாலு கலரில் போட்டுக் கொடுத்த டைம்டேபிள் நாலே நாள்தான் தாங்கியது அண்ணா. விடியற்காலை கணக்கு என்று போட்டிருந்தீர்கள், அது பால் கறக்கிற நேரம், சரி, மதியத்துக்கு மாற்றினேன், சின்ன வெங்காயம் அறுவடை வந்துவிட்டது, சாயங்காலத்துக்குத் தள்ளினேன், மாமியாரின் சீரியல், கடைசியில் குறிப்புகளை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்தேன், குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம், மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் அரசியலமைப்புச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள், எனக்குத்தான் ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் பெரம்பலூர் போகும்போது டவுன் பஸ்ஸில் ஒரு பாடத்தில் கால்வாசியை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, அங்கே யாரும் என்னைக் காபி கேட்பதில்லை. அதிலிருந்து தினமும் "ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வாங்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, போவதும் வருவதுமாகப் படிக்கிறேன். பதினோரு நாளாயிற்று, ஆபீஸ் என்றதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கண்டக்டர் தங்கசாமி அண்ணன் மட்டும், "ஏம்மா, எறங்கலையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நாலு ட்ரிப்புக்கு ஒரு பாடமா? நல்லா படிங்க" என்று டிரைவருக்குப் பின்சீட்டில் தன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது அண்ணா. பரீட்சை எழுதுவது இது மூன்றாவது தடவை. இதிலும் போய்விட்டால் இனி புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். இன்னும் இருபத்து மூன்று நாள். இந்த ஏற்பாடு மட்டும் குலையாமல் இருந்தால் பாஸாகிவிடுவேன். யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
பிரவீணா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. "அப்புடி என்ன கையெழுத்து? நான் வந்து கேக்குறேன்" என்று மாமியாரும் பஸ் ஏறிவிட்டார். பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து நின்று, "எல்லாரும் வாய மூடுங்க, எங்க வூட்டு மருமவ பரிச்சைக்குப் படிக்குது!" என்றார். வழியில் ஏறிய ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். பெரம்பலூர் வரை பஸ்ஸில் பேசியது அவர் ஒருவர்தான். நான் ஒரு வரி படிக்கவில்லை. நாளையும் வருகிறாராம்.