இரண்டாம் பாகத்துக்கு நானே வாங்கிய தடை

ஒரு புத்தகத்தைத் திட்டிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை படித்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்கு வெட்கமில்லை. அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு மனு போட்டேன், அதிலும் வெட்கமில்லை. அந்த மனுவை அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்தேனே, அதுதான் தவறு.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் வேலை. (என்னைக் கேட்காமல் அங்கே ஒரு குண்டூசிகூடக் காகிதத்தில் குத்தாது என்று அப்போது நம்பினேன்.) எங்கள் பகுதி நூலகத்துக்கு இரண்டு பாகங்களாக ஒரு மாயாஜாலப் போர்க்கதை வந்திருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப்போய்ப் படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

முதல் பாகம் செங்கல் கனம். பத்தாம் பக்கத்தில் ஒரு தலை உருண்டது. ஐம்பதாம் பக்கத்துக்குள் ஓர் அரச குடும்பமே காலி. கெட்டவன் வெட்டினான், சரி. நல்லவனும் வெட்டினான், அதுவும் சொந்த அண்ணனை. பறக்கும் மிருகம் ஒன்று ஊரை எரித்துவிட்டு, எரிந்ததை உட்கார்ந்து தின்றது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் தக்காளிச் சாதத்தைப் பார்க்கவே முடியவில்லை. மூடி வைத்துவிட்டு என்ன செய்தேன்? அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன்.

ஒருநாள் காலை பஸ்ஸில் படித்துக்கொண்டே போனதில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதே தெரியாமல் கிருஷ்ணன்கோவிலில் போய் இறங்கினேன். (கோட்டைக் கதவு உடைகிற நேரத்தில் ஸ்டாப்பை யார் பார்ப்பது?) பத்து வருட சர்வீஸில் முதன்முறையாக, வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை. இந்தக் கதையை எழுதியவனைச் சும்மா விடுவதா? அன்றே நூலகத்தின் மேலதிகாரிக்கு மனு எழுதினேன்.

மூன்று பக்கம். ஆட்சேபத்துக்குரிய இடங்கள் நாற்பத்தொன்று, பக்க எண், வரி எண்ணோடு. முடிவில், நான் எழுதும் எந்த மனுவிலும் விடாத அந்த வரி: ‘விசாரணை முடியும்வரை மேற்படி நூலின் இரு பாகங்களையும் எவருக்கும் எக்காரணம் கொண்டும் வழங்காது நிறுத்தி வைக்குமாறு.’ பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

பத்து நாளில் முதல் பாகம் முடிந்தது. கடைசி வரியில் இளவரசி கோட்டைச் சுவரில் ஒற்றைக் கையால் தொங்குகிறாள். மேலே அவள் தம்பி கோடரியோடு நிற்கிறான். அவ்வளவுதான், முற்றும். நூலகத்துக்கு ஓடினேன்.

நூலகர் சுலைமான் பாய் முதல் பாகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“ரெண்டாம் பாகம் எடுங்க பாய்.”

“தர முடியாதுக்கா. மேலேருந்து ஆர்டர் வந்திருக்கு. ஒருத்தவுக மனு போட்டிருக்காக.”

“எந்தப் புண்ணியவாளன்?”

பாய் ஆர்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்கதான்.”

(அரசாங்கம் பத்தே நாளில் நடவடிக்கை எடுத்த ஒரே மனு என்னுடையதாகத்தான் இருக்கும்.)

“நான் எழுதுனது மத்தவுகளுக்கு பாய். இங்கனயே உக்காந்து செத்த நேரம் பாத்துட்டுத் தாரேன்.”

“‘எவருக்கும் எக்காரணம் கொண்டும்’னு போட்டிருக்கீகளேக்கா. இம்புட்டு இறுக்கமா எழுதினா நான் எந்தச் சந்துல தர?”

மூன்று வாரம் இளவரசி தொங்கினாள். வீட்டுக்காரர் மில்லில் மேஸ்திரி. வேலை முடிந்து வந்ததும் தினமும் அதே கேள்வி: “ஏட்டி, அந்தப் புள்ளைக்குக் கை வலிக்காதா?”

விசாரணைக்கு அதிகாரி நூலகத்துக்கே வந்தார். ஆட்சேபமான இடங்களை மனுதாரர் வாசித்துக் காட்ட வேண்டும்; அது முறை. வாசித்தேன். முதல் இடத்தை அருவருப்போடு வாசித்தேன். நான்காவதில் கை தானாக வாள் வீசியது. ஏழாவதில் அந்த மிருகம் போல உறுமியதாகப் பாய் இன்றும் சாதிக்கிறார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

“நிறுத்தாதீகம்மா,” என்றார் ஜன்னலோரத்துப் பெரியவர். “பொறவு என்னாச்சு?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “தடை நீடிக்கணுமாம்மா?”

“சார், நீங்க ரெண்டாம் பாகம் படிச்சீங்களா?”

“விசாரணைக்காகப் படிச்சேன்.”

“அந்தத் தம்பி அவளைத் தூக்கினானா, வெட்டினானா?”

அவர் கோப்பை மூடினார். “விசாரணையில இருக்கிற ஆவணத்துல உள்ளதை மனுதாரருக்குச் சொல்ல விதியில்லம்மா.”

(சரிதான். அந்த விதியை நானே நூறு பேருக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.)

ஒரே வழி, மனுவைத் திரும்பப் பெறுவது. காரணம் எழுதாவிட்டால் அது செல்லாது. அதுவும் எனக்குத் தெரியும். அத்தனை பேரும் எட்டிப் பார்க்க எழுதினேன்: ‘மேற்படி நூல் கொடூரமானது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. மீதியைப் படிக்க வேண்டியிருப்பதால் மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.’

அதிகாரி இருமுறை படித்தார். “வேற காரணம் ஏதாச்சும் எழுதலாமே?”

“இதுதான் சார் காரணம்.”

தம்பி வெட்டினான். முதல் பக்கத்திலேயே. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். பிறகு, அவனும் சாவான் என்ற நம்பிக்கையில் மீதி எழுநூறு பக்கத்தையும் படித்தேன். பாவி சாகவில்லை. இன்று கேட்டாலும் சொல்வேன், மோசமான புத்தகம். இன்று கொடுத்தாலும் படிப்பேன். இதற்கு யாருக்கும் விளக்கம் எழுதிக் கொடுப்பதாக இல்லை.

சுற்றமெல்லாம் இந்தக் கதையை மனப்பாடமாக வைத்திருக்கிறது. போன மாதம் மகள் வீட்டில் சாப்பிடும்போது, குழம்பில் காரம் தாங்கவில்லை என்று சொல்லி வாயை ஊதினேன். வீட்டுக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மனுவா, மறுசோறா?”

தட்டை நீட்டினேன்.

“ரெண்டுந்தான்.”