ஒரு வாரம் ரிட்டயர் ஆகிப் பாத்தேன்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரிட்டயர் ஆனா மாசம் எவ்வளவு செலவாகும்னு கண்டுபிடிக்கணும்.

அவ்வளவுதாங்க. சாதாரண விசயம்.

இப்ப இதுக்கெல்லாம் போன்லயே ஆப் வந்திருச்சு. வயசைப் போடு, சம்பளத்தைப் போடு, பட்டனைத் தட்டு, நீ எவ்வளவு ஏழைன்னு அதுவே சொல்லிரும். நேத்துக்கூட இந்தப் பக்கத்துல ஒரு தம்பி கமெண்டுல கேட்டிருந்தாரு, "அண்ணா, உங்க காலத்துல இதுக்கு என்ன டூல் வெச்சிருந்தீங்க?"ன்னு.

கவரு, கம்பி, துணி கிளிப்பு. அதான் தம்பி எங்க டூலு.

தொண்ணூறுகள்ல நான் பீளமேட்டுல ஒரு பம்ப்செட் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாத்துட்டு இருந்தேன். பென்சன் கிடையாது, பி.எஃப். மட்டும்தான். வயசு நாப்பத்தஞ்சு. ஊரே ஷேரு, பண்டுன்னு பேசிட்டிருந்த நேரம். பேக்கரியில டீக்கு நிக்கறவன்கூட "அந்தக் கம்பெனி ஷேரு ஏறுமுங்க"ன்னு காதைக் கடிப்பான்.

எனக்கும் ஆசை வந்திருச்சு. ஆனா ஏஜெண்டு ஒருத்தனையும் நம்பமாட்டேன். சொந்தமா ப்ளான் போடணும், சொந்தமா முதலீடு பண்ணணும், சொந்தமாவே பணக்காரன் ஆயிரணும்!

அப்பத்தான், தீவாளி முடிஞ்ச சமயத்துல, ஒரு வாரப் பத்திரிகையில பாத்தேன். பணத்தை எங்க போடறதுங்கறது அப்புறமாம். முதல்ல ஓய்வுகாலத்துல மாசம் எவ்வளவு வேணும்னு தெரிஞ்சுக்கணுமாம். அதுக்கு ஒரு வாரம் ரிட்டயர் ஆனவர் மாதிரியே வாழ்ந்து பாக்கணுமாம். படிச்சதுல இருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு.

"சாந்தாமணி! நான் ஒரு வாரம் ரிட்டயர் ஆகப் போறேன்!"

என்ற சம்சாரம் தோசையத் திருப்பிப் போட்டுட்டே கேட்டா, "அப்ப நான் எப்பங்க ரிட்டயர் ஆகறது?"

அதைப் பத்தி பத்திரிகையில ஒண்ணும் போடலை.

மேனேஜர்கிட்டப் போயி ஒரு வாரம் லீவு கேட்டேன். "எதுக்கு?"ன்னாரு. "சொந்த வேலைங்க சார்"னேன். என்ன வேலைன்னு சொல்லியிருந்தா பின்னாடி இத்தனை கூத்து நடந்திருக்காது. சொல்லக் கூச்சமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஹால் சுவத்துல ரெண்டு ஆணியடிச்சு, கம்பி கட்டி, துணி கிளிப்புல வரிசையா கவரு மாட்டிப்போட்டேன். பால், காய்கறி, கரண்டு, பஸ்ஸு, மருந்து. ஒவ்வொண்ணு மேலயும் கொட்டை எழுத்துல பேரு. ஒரு வாரத்துக்கான பணம் உள்ள. கவரு காலியானா அந்தச் செலவு அதோட சரி.

"ஒறம்பரைக்குக் கவரு இல்லீங்களா?"ன்னா சாந்தாமணி.

"ரிட்டயர் ஆனவன் ஊட்டுக்கு எந்த ஒறம்பரை, விருந்தாளி வரப்போவுது?"

கடைசியா ஒரு கவரு மாட்டினேன். பத்திரிகையில ஒரு வரி போட்டிருந்தான், எல்லாரும் எல்லாத்துக்கும் ஒதுக்குறாங்க, தங்களோட காரியத்துக்கு ஒதுக்க மறந்துடறாங்கன்னு. நான் மறக்கறவனா? "கடைசிச் செலவு"ன்னு செகப்பு மையில எழுதி, உள்ள பணமும் வெச்சு மாட்டினேன்.

பாக்கறதுக்கு ரொம்ப லட்சணமா இருந்துச்சுங்க.

திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு எந்திரிச்சேன். சட்டையில்லாம, துண்டைத் தோள்ல போட்டுட்டு, தெருமுனை மளிகைக் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் பாய்க்கு ஆச்சரியம்.

"என்னங்ணா, இன்னிக்கு வேலைக்குப் போகலீங்களா?"

ஒத்திகைன்னா ஒழுங்கா பாக்கணுமில்ல? "நான் ரிட்டயர் ஆயிட்டேன் பாய்"னுட்டேன்.

பாய் கையில இருந்த பருப்புப் பொட்டலத்தக் கீழ வெச்சாரு. என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. நாப்பத்தஞ்சு வயசுல எவன் ரிட்டயர் ஆவான்? குரலைத் தாழ்த்திட்டு சொன்னாரு, "மனசைத் தளர விடாதீங்ணா. வேலை என்னங்க வேலை, நாளைக்கே நம்ம கடையில கணக்குப் பாக்க வந்துருங்க."

நான் சிரிச்சேன். நான் சிரிச்சதைப் பாத்து அவரு கண்ணு கலங்கிருச்சு!

மத்தியானத்துக்குள்ள தெரு முச்சூடும் சேதி போயிருச்சு, கம்பெனியில என்னைத் தொரத்தி உட்டுட்டாங்கன்னு. சாயங்காலம் ஆரம்பிச்சுது பாருங்க. பக்கத்து ஊட்டு டீச்சரம்மா ஒரு போசி நெறைய கொழம்பு. எதுத்த ஊட்டுக்காரர் ஆப்பிளு. பின்னாடித் தெருவுல இருந்து பேரே தெரியாத ரெண்டு பேரு. வந்தவங்களுக்குக் காபி குடுக்காம அனுப்ப முடியுங்களா?

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஒரு பட்ஜெட்டுக்காகத்தான்"னு நான் சொன்னா, "ஆமாமா, எல்லாக் கம்பெனியிலயும் பட்ஜெட்டுன்னு சொல்லித்தான் ஆளைக் கொறைக்கறான்"னு அவங்களே தலையாட்டிக்கிட்டாங்க.

புதன்கிழமைக்குள்ள பால் கவரு காலி. கரண்டு கவருல கை வெச்சேன். அதுவும் காப்பித்தூளாப் போயிருச்சு. அப்புறம் பஸ்ஸு. மருந்துக் கவருல சக்கரை வாங்கினோம்.

வியாழக்கிழமை காலையில காயில்லை. ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம், உக்கடம் மார்க்கெட்டுக்குப் போனா காய் சல்லிசுன்னு கெளம்பிட்டேன். பஸ் கவருதான் காலியாச்சே? நடந்தே போனேன். பீளமேட்டுல இருந்து உக்கடம் எவ்வளவு தூரம்னு கோயமுத்தூர்க்காரங்களுக்குத் தெரியும். திரும்பியும் நடந்தேங்க! முட்டைக்கோசோட!

நான் அந்தப் பக்கம் போன நேரத்துல, காவேரிக் கரையில, காரியம் பண்ண ஊருசனமெல்லாம் போற கொடுமுடியில இருந்து ராசு மச்சான் வந்து எறங்கிட்டாரு. சாந்தாமணியோட கூடப்பொறந்த அண்ணன். எங்களுக்குப் போனு கிடையாது, டீச்சரம்மா ஊட்டு நம்பருக்குத்தான் கூப்புடுவாரு. கூப்புட்டப்ப எனக்கு வேலை போச்சுன்னு அந்தம்மா சொல்லிப்போட்டாங்க. ஆறுதல் சொல்லலாம்னு ஓடி வந்திருக்காரு மனுசன்.

வந்தவரு ஹால்ல உக்காந்தாரு. சுவத்தைப் பாத்தாரு. கடைசிக் கவரைப் பாத்தாரு. எந்திரிச்சுக் கிட்டப் போயி இன்னொருக்கா படிச்சாரு.

அப்புறம் அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசிக்கிட்டாங்கங்கறதை சாந்தாமணி பொறவு எனக்கு வரி விடாம சொன்னா.

"அம்மணி, இது என்ன கவரு?"

"அதுங்களாண்ணா, அவரே எழுதி மாட்டிக்கிட்டாரு. கடைசி நேரத்துல யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதாமா."

"எப்பத்துல இருந்து இப்படி?"

"தீவாளிக்குப் பொறவுதான் தெரிஞ்சுதுங்ணா. அதுல இருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. மோட்டுவளையப் பாத்துட்டே கெடக்கறாரு."

"எத்தனை நாளுன்னு போட்டிருக்காங்க?"

"ஒரு வாரந்தானுங்ணா. ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிரும்."

"ஞாயித்துக்கிழமையா!"

"ஆமாங்ணா. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டா, அப்புறம் எனக்கு நிம்மதி."

மச்சான் தங்கச்சியப் பாத்த பார்வைய அவ இன்னிக்கும் நடிச்சுக் காட்டுவா.

அந்த நேரம் பாத்து நான் உள்ள நொழையறேன். வேர்த்து ஊத்துது. மூச்சு வாங்குது. கோசுப் பையைப் போட்டுட்டு, நெஞ்சைப் புடிச்சுட்டு, "அப்பாடா, இனி முடியாது சாமி"ன்னு கட்டில்ல சாஞ்சேன்.

மச்சான் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. "மாப்ள, எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

பரவாயில்லையே, சாந்தாமணி ஒத்திகைய வெளக்கமா சொல்லிட்டா போலன்னு நெனச்சேன். "தெரிஞ்சது நல்லதுதானுங்க மச்சான். எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதானே? முன்கூட்டியே தயாராயிட்டா பின்னாடி இருக்கறவங்களுக்குச் செரமம் இல்லை பாருங்க. நீங்களும் இப்பவே ஆரம்பிச்சிருங்க!"

அவரு திடுக்குன்னு கையை உட்டுட்டாரு. அப்புறம் சமாளிச்சுக்கிட்டு, "கொடுமுடியில எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீங்க"ன்னாரு.

ரிட்டயர் ஆன பொறவு ஆத்தோரமா ஒரு சின்ன ஊடு கட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவரு எடம் பாத்துத் தர்றேங்கறாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். "கடைசியில காவேரிக் கரைக்குத்தான் வந்து சேரணும்னு நானும் நெனச்சிருக்கேன் மச்சான்"னேன்.

மனுசன் வாயில துண்டை வெச்சு அமுத்திட்டு வெளிய போயிட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு போலன்னு நான் படுத்துத் தூங்கிட்டேன்.

அவரு போனது எஸ்.டி.டி. பூத்துக்கு.

சனிக்கிழமை காலையில வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. கதவைத் தொறந்தா எறங்கறாங்க எறங்கறாங்க, எறங்கிட்டே இருக்காங்க! கொடுமுடிக்காரங்க பாதி, என்ற பங்காளிங்க பாதி. பொம்பளைங்க முந்தானைய இப்பவே வாய்கிட்ட வெச்சிருந்தாங்க.

கடைசியா எறங்குனது அந்தியூர்ப் பெரியப்பா. வரப்புல நிக்கற ஒரு தென்னமரம் யாருதுங்கற தகராறுல எங்கிட்டப் பேசியே வருசக்கணக்காச்சு. ஒரு மூட்டைத் தேங்காயோட வந்து என்ற தலையத் தடவுறாரு!

"அப்புனு, அந்த மரம் உனக்கேதான். மனசுல ஒண்ணும் வெச்சுக்காம நிம்மதியாப் போ."

வேலை போனதுக்கே தென்னமரம் கெடைக்குமான்னு எனக்கு ஒரே கொழப்பம். ஆனாலும் மரத்தை எதுக்கு வேண்டாங்கோணும்? "சரிங்க பெரியப்பா"ன்னுட்டேன்.

அப்ப ஒரு காரு வந்துச்சு. எங்க மேனேஜர்! கையில சாத்துக்குடிப் பை. பூத்துல இருந்து மச்சான் கம்பெனிக்கும் போன் போட்டிருக்காரு.

மேனேஜர் எம்பக்கத்துல உக்காந்து, எப்பவும் இல்லாத அன்போட சொன்னாரு, "இதைச் சொல்லாம சொந்த வேலைன்னுட்டீங்களே! நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. பி.எஃப். பேப்பரெல்லாம் ரெடி பண்ணச் சொல்லிட்டேன், உங்க வீட்டம்மா கைக்கே வந்துரும். உங்க சீட்டுலயும் ஒரு ஆளைப் போட்டாச்சு."

என்ற சீட்டுல ஆளா!

எந்திரிச்சு நின்னு கத்தினேன், "யோவ், எனக்கு என்னய்யா ஆச்சு? எதுக்கு இத்தனை பேரு வந்திருக்கீங்க?"

மச்சான் தழுதழுத்த குரல்ல சொன்னாரு, "மாப்ள, அந்தக் கடைசிச் செலவுக் கவரைப் பாத்தேங்க. நாளைக்கோட முடிஞ்சிரும்னு தங்கச்சி சொல்லிருச்சு."

சமையக்கட்டுல இருந்து காபித் தட்டோட வந்த சாந்தாமணி அப்படியே நின்னுட்டா. "அய்யோ அண்ணா, முடியறது அவரு லீவுங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க! பட்ஜெட்டுங்க! ரிட்டயர்மெண்ட்டு ஒத்திகைங்க!"ன்னு நான் கவரையெல்லாம் உருவி உருவிக் காட்டறேன். ஒருத்தரும் நம்பலை. "மூளைக்கு ஏறிருச்சு போல"ன்னு ஒரு சித்தி மூக்கைச் சிந்தினாங்க.

கடைசியில நாலு பேரா என்னைத் தூக்கி வேன்ல போட்டு டாக்டர்கிட்டக் கொண்டு போனாங்க. மொத்த வேனும் வந்துச்சு. டாக்டர் நெஞ்சுல ஸ்டெத்தை வெச்சுப் பாத்தாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு, கண்ணைத் தொறந்து பாத்தாரு.

"இவருக்கு ஒரு கேடும் இல்லை. பி.பி. மட்டும் கொஞ்சம் எச்சா இருக்கு. ஏதாவது டென்சனுங்களா?"

நான் திரும்பி, ரூமுக்குள்ள நின்ன மொத்த வேனையும் பாத்தேன்.

வெளிய வந்தா வேன்ல ஒரு சந்தோசம் வேணுமில்ல? ஒருத்தரு மூஞ்சியும் நல்லால்லை. "வெள்ளாமைய உட்டுட்டு வந்தமே"ங்கறாரு ஒருத்தரு. பெரியப்பா ஊட்டுக்கு வந்ததும் நேரா போயி தேங்காய் மூட்டையத் திருப்பி வேன்ல ஏத்தினாரு. "மரத்தைப் பத்திச் சொன்னது சாகறவனுக்குச் சொன்னது, கேட்டுக்க"ன்னு போயிட்டாரு.

வேன் டிரைவர் வாடகைக்குக் கையை நீட்டினாரு. பணம் பாக்கி இருந்தது அந்தச் செகப்பு மைக் கவருல மட்டும்தான். அதை அப்படியே குடுத்தனுப்பினேன்.

அத்தனை பேரும் போனதுக்கப்புறம் சாந்தாமணி காபி டம்ளரெல்லாம் அள்ளி ஊட்டுக்குப் பின்னாடிப் பொடக்காலியில போட்டுட்டு வந்து உக்காந்தா. டம்ளரு மலை மாதிரிக் கெடந்துச்சு. எங்க அழுதிருவாளோன்னு பயந்தேன். பொசுக்குன்னு சிரிச்சா பாருங்க, நிறுத்த முடியலை. எனக்கும் தொத்திக்கிச்சு. டீச்சரம்மா சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "அழாதீங்க, அழாதீங்க"ன்னாங்க.

திங்கக்கிழமை பதறிட்டு கம்பெனிக்கு ஓடினேன். என்ற சீட்டுல ஒரு இளவட்டம் உக்காந்து, நட்டையும் போல்ட்டையும் ஒரே பெட்டியில போட்டுக் கலந்துட்டிருந்தான். அதைப் பாத்த மேனேஜர் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. அந்தப் பி.எஃப். பேப்பரை எம்முன்னாடியே கிழிச்சுப் போட்டாரு. போன உசுரு அப்பத்தாங்க திரும்பி வந்துச்சு.

"சரி, போயி வேலையப் பாருங்க. ஆமா, ஒரு வாரம் ரிட்டயர் ஆகி இருந்தீங்களே, எப்படி இருந்துச்சு?"ன்னாரு.

"ரொம்பக் களைச்சுப் போயிட்டேனுங்க சார். ரெண்டு நாள் லீவு வேணும்."