லோயர் பெர்த் சம்பந்திக்கு

செஞ்சி,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

மகா கனம் பொருந்திய திண்டிவனம் சம்பந்தி திரு. ராஜாங்கம் அவர்களுக்கு, செஞ்சி கடைத்தெரு பாத்திரக்கடை ராஜகோபால் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்துக்கு ஒரு குறைவும் இருக்காது என்பதை ரயிலில் கூடவே இருந்து கண்ணால் பார்த்தவன் என்பதால் தனியாக விசாரிக்கவில்லை. சம்பந்தியம்மா அன்புக்கரசி அவர்களுக்கும் மாப்பிள்ளை ஆதவனுக்கும் என் மரியாதைகளைச் சொல்லவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் 'ஆமாங்க, ஆமாங்க' என்று சொல்லி வைத்துவிடுவேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாமா என்று நேற்று ஆள் விட்டுக் கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். முதலில் இதை முழுசாகப் படியுங்கள். படித்துவிட்டு, கடைசியில் நான் சொல்லியிருப்பதைச் செய்தால் தையில் கல்யாணம். செய்யாவிட்டால் என் பெண் ஸ்ரீநிதி இன்னும் கொஞ்ச நாள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றாக ரயிலேறி ஊர் சுற்றினால் ஒட்டுதல் வரும் என்று சொன்னவர் நீங்கள். நாக்பூர், போபால், குவாலியர், ஆக்ரா, டெல்லி என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் வரும் சின்ன ஊர்களை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம், லாட்ஜ் எதுவும் வேண்டாம், ஸ்டேஷனிலேயே குளித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டவரும் நீங்கள். நான் தலையாட்டினேன். ரயில் விஷயத்தில் செஞ்சிக்காரன் திண்டிவனத்துக்காரரிடம் என்ன பேச முடியும்? உங்கள் ஊரில் ரயில் நிற்கிறது. எங்கள் ஊரில் கோட்டைதான் நிற்கிறது. அதில் ஏறினால் இறங்கி வரத்தான் வேண்டும், எங்கேயும் போய்ச் சேர முடியாது.

கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. வண்டி புறப்படும் நேரம் ராகு காலம் என்று கண்டுபிடித்தீர்கள். ரயில்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பதால் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றீர்கள். அதாவது நல்ல நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பி இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. முதல் நாளே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட எங்கள் பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உங்கள் சிநேகிதர் வீட்டில் நீங்களே வைத்தீர்கள். போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்றீர்கள். எடுக்கவில்லை. அந்தப் பெட்டி என்னுடையது. ராகு பகவான் ஏமாந்தாரோ இல்லையோ, என் வேட்டி, சட்டை, முழங்கால் தைலம் எல்லாம் திண்டிவனத்திலேயே சுகமாக இருந்துவிட்டன. நாக்பூர் வரைக்கும் ஒரே வேட்டி. அங்கே தெருவில் வாங்கிய பைஜாமாவுக்கு நாடா சரியாக நிற்காமல், அதற்குப் பின் இந்தியா முழுவதையும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். "போவட்டும் சம்பந்தி, பயணம் நல்லபடியா ஆரம்பிச்சிடுச்சு இல்ல?" என்று கேட்டீர்கள். ஆமாங்க என்றேன்.

பெர்த் விஷயம் சொல்ல வேண்டும். ஆறு பேர், ஆறு படுக்கை, கீழே இரண்டு. மாப்பிள்ளை வீட்டார் என்பதால் கீழே இரண்டும் உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும். நான் மறுக்கவில்லை, அது முறை. என் வீட்டுக்காரி சாந்தியும் ஸ்ரீநிதியும் நடுவில். எனக்கும் மாப்பிள்ளைக்கும் மேலே எதிரும் புதிருமாக. முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவன் அந்தக் கம்பி ஏணியில் ஒரு கையால் ஏறுவதை நீங்கள் படுத்தபடியே பார்த்து, "மெல்லமா, மெல்லமா" என்று சொன்னதை மறக்கவில்லை. ஏறிய பிறகும் நிம்மதி உண்டா? எதிரில் மாப்பிள்ளை. அவர் பக்கம் காலை நீட்டக்கூடாது, சட்டையைக் கழற்றக்கூடாது, குறட்டை விடக்கூடாது. ஒருக்களித்து, காலை மடக்கி, வருங்கால மருமகனுக்கு மரியாதை காட்டிக்கொண்டே கோதாவரி ஆற்றைத் தாண்டியவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காலையில் எல்லோரும் எழுந்து நடுப் படுக்கையை மடக்கினால்தான் கீழே உட்கார முடியும். நீங்கள் எழுந்தால்தானே? சாந்தி கதவோரம் வாஷ்பேசின் பக்கத்தில் நின்றுகொண்டே சூரியன் உதிப்பதைப் பார்த்தாள். பிறகு அதே வாஷ்பேசினில் உங்கள் டிபன் டப்பாவையும் கழுவினாள். அவள் விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எண்ண கொஞ்சம் கம்மியா இருக்குது" என்றீர்கள்.

இட்டார்சி ஸ்டேஷனில் நடந்தது என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பேசப்படும். வண்டி நின்றதும், சர்க்கரை போடாத டீ வேண்டும் என்றீர்கள். உங்கள் பையன் மேலே படுத்திருந்தார், நீங்கள் கீழே படுத்திருந்தீர்கள், ஆகவே நான் இறங்கினேன். அந்த ஊரில் சர்க்கரை இல்லாமல் டீ கேட்டால் ஏதோ பைத்தியம் என்று பார்க்கிறார்கள். எனக்கு இந்தி தெரியாது. சர்க்கரையைக் காட்டி, தலையை ஆட்டி, கையை ஆட்டி, ஒரு கையால் பைஜாமாவைப் பிடித்து, புதிதாகப் போடச் சொல்லி வாங்கித் திரும்பினால் வண்டி நகர்கிறது. கையில் டீயோடு ஓடி, கண்ணில் பட்ட பெட்டியில் ஏறினேன். அது முன்பதிவு இல்லாத பெட்டி. அங்கிருந்து உள்ளே நம் பெட்டிக்கு வர வழியும் இல்லை. ஒரு காலை மட்டும் தரையில் வைக்க இடம் கிடைத்தது. இன்னொரு கால் யாருடைய கோதுமை மூட்டை மீதோ இருந்தது. போபால் வந்து இறங்கி, நொண்டிக்கொண்டே பிளாட்பாரம் முழுக்க ஓடி உங்களைக் கண்டுபிடித்தேன். உயிரோடு வந்துவிட்டேனே என்று சந்தோஷப்படுவீர்கள் என்று பார்த்தால், என் கையைப் பார்த்து, "டீ எங்க சம்பந்தி?" என்றீர்கள்.

ஒவ்வொரு ஊரிலும் உங்கள் விளக்கத்தைக் கேட்கும் பாக்கியமும் கிடைத்தது. நாக்பூர் ஸ்டேஷனைப் பார்த்து, "நம்ம திண்டிவனம் மாரிதான், பிளாட்பாரம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றீர்கள். போபால் ஏரியைப் பார்த்து, உங்கள் ஊர் ஏரி நிரம்பினால் இதைவிடப் பெரிது என்றீர்கள். அந்த ஏரியில்தான் பிள்ளைகள் இருவரும் தனியாகப் படகில் போய்விட்டு வந்தார்கள். போகும்போது பேசிக்கொண்டு போனவர்கள், திரும்பும்போது ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கூச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்ணைப் பெற்றவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி என்ன வளர்ப்பு என்று நினைத்தேன்; இப்போது எழுதிவிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். குவாலியர் கோட்டையில் வைத்துச் சொன்னீர்களே, அதைப் பொறுக்க முடியாது. வழிகாட்டிப் பையனை நிறுத்தி வைத்துக்கொண்டு, சத்தமாக, "இது கோட்டை. செஞ்சிது இன்னா, பாற மேல செவுரு" என்றீர்கள். எங்கள் ராஜகிரி மலை மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். அதற்கு, "ஏறலாம் சம்பந்தி, அங்க வர்றதுக்கு ரயில் எங்க இருக்குது?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். தமிழ் தெரியாத அந்த வழிகாட்டிகூடச் சிரித்தான். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தால் சேர்ந்து சிரிப்பது முறை என்பதால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் பக்கத்துப் பெருந்தன்மையையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகச் சொல்லப்போவதில்லை. ஸ்டேஷனில் பெட்டி வைக்கும் அறையை நம்ப முடியாது, யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும் என்றீர்கள். நாக்பூரில் இறங்கியதுமே சாந்தி, "நா இருக்கறேன், நீங்கல்லாம் போயிட்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை. போபாலிலும் அவள்தான், குவாலியரிலும், ஆக்ராவிலும், டெல்லியிலும் அவள்தான். ஆக்ராவில் தலைவலி என்று ஸ்ரீநிதியும் அவளோடு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பை காணாமல் போனதா? ஒரு செருப்பு? என் பெட்டிதான் காணாமல் போனது, அதுவும் உங்கள் ஊரில். என் வீட்டுப் பெண்பிள்ளை இப்படிப் பொறுப்பாக இருந்ததற்கு என்னிடம் ஒரு வார்த்தை, 'உங்க வீட்டம்மா பெரிய மனசு சம்பந்தி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே என் நிபந்தனை இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செஞ்சிக்கு பஸ்ஸில் வரவேண்டும், காரில் அல்ல. ராஜகிரிக் கோட்டையில் உச்சி வரைக்கும் ஏறவேண்டும். இறங்கி வந்து, கடைத்தெருவில் என் பங்காளிகள் முன்னிலையில், இது பாறை மேல் சுவர் இல்லை, கோட்டை என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் அன்றைக்கே பத்திரிகை. இல்லாவிட்டால் சம்பந்தம் இல்லை.

எழுத்தில் ஏதாவது சூடு இருந்தால் அது முழங்கால் வலியின் சூடு என்று எடுத்துக்கொள்ளவும். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு, எப்போதும் கீழ்ப் படுக்கையிலேயே இருக்க ரங்கநாதரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
ராஜகோபால்

பி.கு.: கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி ஸ்ரீநிதியிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டாள். பைஜாமா வரும் இடத்தில் நன்றாகவே சிரித்தாள். கடைசிவரை படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் முன்னால் வைத்து, "நைனா, இந்தக் கல்யாணம் போபால்லயே நின்னுபோச்சு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "போட்ல போவும்போது அவர்கிட்ட கேட்டேன். இனிமே நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பெட்டியப் பாத்துக்கலாம், அம்மா ஒரு ஊரையாவது பாக்கட்டும்னு. அதெல்லாம் பொண்ணு வூட்டுக்காரங்க வேல, உங்க நைனாவே ஒண்ணும் சொல்லல, உனக்கு இன்னா வந்துச்சுன்னாரு. எனக்கு நீங்க வாணாம்னு அங்கயே சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

"அப்புறம் டெல்லி வரைக்கும் எதுக்கும்மா போனோம்?" என்றேன்.

"திரும்பி வர்ற டிக்கெட் அங்கேர்ந்துதான நைனா இருந்துது?"

சம்பந்தியம்மாவுக்கும் இது ஆக்ராவிலேயே தெரியுமாம். சாந்திக்கும் தெரியுமாம். நேற்று நீங்கள் பத்திரிகைக்கு ஆள் விட்டதைப் பார்த்தால் உங்களுக்கு மட்டும் இன்னும் தெரியாது போலிருக்கிறது, என்னைப் போலத்தான். அப்படியானால் இட்டார்சி டீ வரைக்கும்தான் நான் சம்பந்திக்குச் செய்தது. அதற்குப் பின்னால் மேலே ஏறியது, காலை மடக்கியது, குவாலியரில் சிரித்தது எல்லாம் யாரோ ஒருவருக்காகச் செய்திருக்கிறேன். நீங்கள் மலை ஏற வேண்டாம்.

ஸ்ரீநிதி இன்னொன்றும் சொன்னாள். ஆக்ராவில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது சாந்தி அவளிடம், "போட்டோல இருக்கற மாரியே வெள்ளயா இருக்குமாடி?" என்று கேட்டாளாம். சமையலறைக்குப் போனேன். சாந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பாக்கணும்னு இருந்தா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன். "சொன்னா யாரு பெட்டியப் பாத்துக்கறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது சம்பந்தி. சம்பந்தி என்று எழுதிவிட்டேன், அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புவதற்குக் காரணம் ஒரு உதவிதான். பயணத்தில் எடுத்த படங்களை இப்போது உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் போனில் இருப்பதில் சாந்தி ஒன்றில்கூட இல்லை. உங்கள் போனிலும் தம்பி ஆதவன் போனிலும் பாருங்கள். ஏதாவது ஒரு ஸ்டேஷனில் எடுத்ததில், ஓரமாகவோ, யாருக்காவது பின்னாலோ உட்கார்ந்திருப்பாள். இருந்தால் அனுப்புங்கள்.