ஒரு பக்கம் மட்டும் இருந்த கார்

கருங்குழி,
வியாழக்கிழமை, காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஹேமந்த் அவர்களுக்கு, மாமா ஏசுபாதம் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் அம்பத்தூரில் நீங்களும் என் மகள் சிநேகாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு இதை அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் அத்தை ரெபேக்காள் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடுவாள். போனில் பேசலாமே என்பீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "சாப்ட்டாச்சா? சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாள். சிநேகா எடுத்தால் அவளும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. போன வாரம் உங்களைக் கூப்பிட்டால் நீங்களும் "ரெஸ்ட்ல இருக்காங்க மாமா" என்று மெதுவான குரலில் சொல்லி வைத்துவிட்டீர்கள். என் மேல் உள்ள கோபத்தில் ரெபேக்காள் பகலிலும் படுத்தே கிடக்கிறாள் என்பது அதிலிருந்து விளங்கியது. அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்தி ரெண்டு நாள். மகளைப் பார்க்க வந்ததாகத்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மை அது இல்லை, மாப்பிள்ளை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அணுமின் நிலைய ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தி நாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேலை என்று ஒன்றுமில்லை. காலையில் பேப்பர், பிறகு குழாயை இறுக்குவது, பிறகு இறுக்கிய குழாயைத் தளர்த்துவது. நீங்கள் போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பழைய வாஷிங் மெஷினை விற்பதற்காக என் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. மெஷின் இன்னும் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. ஆனால் அதை விற்க உள்ளே போன நான் ஒரு நாள் மத்தியானம் 1969 மாடல் ஹெரால்டு கார் ஒன்றைப் பார்த்துவிட்டேன். கிளிப்பச்சை நிறம். "டாக்டர் ஓட்டியது, அப்படியே வைத்திருக்கிறோம், சின்ன வேலை பார்த்தால் போதும்" என்று எழுதியிருந்தது. பதினோரு போட்டோ. பதினொன்றுமே இடது பக்கத்திலிருந்து எடுத்தது என்பதை, ஆயுள் பூராவும் அளவெடுத்தே பிழைத்த நான் கவனிக்கவில்லை. போனிலேயே அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

வண்டி இருந்த இடம் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக ஒரு பண்ணை வீடு. இங்கே மெக்கானிக் எல்லப்பன் என்று ஒருவர், என் வயசுதான், அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு லாரியும் பேசிக்கொண்டு போனேன். புல்வெளி நடுவில் வண்டி நின்றது. அவ்வளவு அழகு, மாப்பிள்ளை. எல்லப்பன் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாகப் போனவர் அங்கிருந்தே கத்தினார்: "சார், இங்க கொஞ்சம் வா. இந்தப் பக்கம் இன்னாவோ சல்லடை மாரி கீது, வண்டியக் காணோம்!" போய்ப் பார்த்தேன். வலது பக்கம் தகரம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் மட்டும் இருந்தது. விற்றவர் பெயர் சதாசிவம். அவர் கொஞ்சமும் கலங்காமல், "உப்புக்காத்து சார், இன்னா பண்றது? கல்யாண ஜோடிங்க எல்லாம் அந்தப் பக்கமா நின்னுதான் போட்டோ புடிச்சுக்கினு போவாங்க. இந்தப் பக்கத்த இதுவரிக்கும் எவனும் கேட்டதே இல்ல" என்றார். டிக்கியைத் திறந்தால் உள்ளே மண் கொட்டி குரோட்டன்ஸ் செடி வைத்திருந்தார்கள். "செடிக்குத் தனியா துட்டு வாங்கல சார், வச்சுக்கோங்க" என்றார். எல்லப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வோணாம் சார். அட்வான்ஸு போனா போவுது, ஒரு டீ அடிச்சுட்டு வூட்டுக்குப் போயிடலாம்" என்று காதில் சொன்னார். நான் "ஏத்துங்க" என்றேன்.

லாரி மேல் ஏற்றிய பிறகு ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லி அந்தக் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிய வண்டிக்கு ஸ்டீயரிங் எதற்கு என்று டிரைவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் என் பக்கத்துக் கதவு கழன்று ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "பெர்சு, கதவு வேணுமா வேணாமா? வேணாம்னா நாங்க ஏறிப் போய்க்கினே இருப்போம்" என்றான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி வீடு வரைக்கும் கதவை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ரெபேக்காள் வாசலில் நின்று பார்த்தாள். திட்டவில்லை. "இது வண்டியா, வண்டியோட பொணமா?" என்று மட்டும் கேட்டாள். லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போன பிறகுதான் அவளுடைய ஸ்கூட்டி உள்ளே மாட்டிக்கொண்டது தெரிந்தது. கார் நகர்ந்தால் ஸ்கூட்டி வரும். கார் நகராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெயிலில் நடந்தே போனாள். கார்புரேட்டரை அவளுடைய இட்லிப் பானையில் போட்டு எலுமிச்சம்பழச் சாறு ஊற்றி வேகவைத்தேன். வேறு பானை வாங்கிக்கொண்டாள். எஞ்சினுக்கு வாட்டர் பம்ப் ஆர்டர் செய்தால் மீன் தொட்டிக்குப் போடும் பம்ப் வந்தது. திருப்பி அனுப்பினேன். அதைவிடப் பெரிய மீன் தொட்டிக்கான பம்ப் வந்தது. எல்லப்பன் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பேசாம டிக்கியில தண்ணி ரொப்பி மீன வுடு, அது ஒண்ணுதான் பாக்கி" என்றார். உள்ளே ரெபேக்காள் சிரித்த சத்தம் கேட்டது. அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன். எல்லப்பன் மேலே வீல் டிரம்மைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். ரெபேக்காளின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வெளியே போகும்போது போடுகிற செருப்பைப் போட்டிருந்தாள். ஏதோ சொன்னாள். "இன்னா?" என்றேன். மறுபடியும் சொன்னாள். சிநேகா என்பதும் போறேன் என்பதும் காதில் விழுந்தன, நடுவில் சொன்னதெல்லாம் சுத்தியலோடு போய்விட்டது. நான் கையை வெளியே நீட்டி, "சரி, அந்தப் பன்னெண்டு ஸ்பானர எடு" என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் கால்கள் அப்படியே நின்றன. பிறகு ஸ்பானர் என் கைக்கு வந்தது. கால்கள் போய்விட்டன. மத்தியானம் பசித்து உள்ளே போனபோது சாதமும் குழம்பும் மூடி வைத்திருந்தது. அவளுடைய பை இல்லை. போகிற பொம்பளை ஸ்பானரைச் சரியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், மாப்பிள்ளை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. எல்லப்பனும் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி வரட்டும் சார், அப்பால பாத்துக்கலாம், எனக்கே பேஜாரா கீது" என்று நின்றுவிட்டார். நான் தினமும் உப்புமா கிண்டித் தின்கிறேன். ஒரு நாளாவது கட்டியில்லாமல் வரவில்லை.

இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் நினைப்பீர்கள். மலிவாக வந்தது என்று ரெபேக்காளிடம் சொன்னேன். அது பொய். என் நைனா கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். இந்த வண்டிகளைச் செய்த வண்டலூர் தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்து வெளியே வரும் கார்களைத் துடைத்து நிறுத்துவது அவர் வேலை. எனக்கு ஏழு வயதில் ஒரு ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை உள்ளே விட்டார்கள். வரிசையாகக் கார்கள். நான் ஒன்றின் மேல் கையை வைத்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நைனாதான் பதறிப்போய், சுற்றும்முற்றும் பார்த்து, புதுச் சட்டையின் முனையை இழுத்து என் கை பட்ட இடத்தைத் துடைத்தார். "யார்னா பாத்தாங்களாடா?" என்று கேட்டார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கடைசி வரைக்கும் ஒரு காரிலும் உட்காராமல்தான் செத்தார். இதை நான் ரெபேக்காளிடம் முப்பத்தைந்து வருஷத்தில் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். இப்போது யாரிடம் சொல்வது என்று உங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் வண்டியா, அவளா என்றால் அவள்தான். அதனால் முடிவு செய்துவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து பழைய இரும்புக்காரர் இன்று மத்தியானம் வருகிறார். வண்டி போனதும் வாசலைக் கழுவிவிடுவேன், ஸ்கூட்டியை வெளியே எடுத்து நிறுத்துவேன். நீங்கள் அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்குக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் தேவன் நீண்ட ஆயுளும் குறையில்லாத சமாதானமும் தருவாராக. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். சிநேகாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
அ. ஏசுபாதம்.

பின்குறிப்பு: மத்தியானம் மூன்று மணி. கவரை ஒட்டப் போகும்போது சிநேகா போன் செய்தாள். எடுத்ததுமே அழுகை. "ஏம்ப்பா, மூணு வாரமா நான் எப்படி கீறேன்னு ஒரு வார்த்த கேட்டியா? பெட்ரெஸ்ட்டுல கெடக்கறது நான்ப்பா! குழந்த தங்குமா தங்காதான்னு டாக்டரே சொல்ல முடியாம இருந்தாங்க. அம்மா உன்கிட்ட ரெண்டு தபா சொல்லிட்டுத்தானே வந்துச்சு? 'உங்கப்பனுக்கு வண்டிதான் பெருசு'ன்னு அம்மா ஒரு நாள் முழுக்க அழுதுச்சு" என்றாள். அவள் முழுகாமல் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுத்தியல் சத்தத்தில் அம்மா சொன்னது காதில் விழவில்லை என்றேன். பிறகு, திங்கட்கிழமை ஸ்கேன் பார்த்ததில் ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ரெபேக்காள் போனை வாங்கி, "சரி வுடு, அழாத" என்று என்னிடம் சொன்னாள். பிறகு அவளாகவே, "குழந்த பொறந்ததும் ஆஸ்பத்திரிலேர்ந்து அந்தப் பச்ச வண்டியிலதான் கூட்டிக்கினு வரணும்னு உன் பொண்ணு சொல்லிக்கினு கீறா. சீட்டு தைக்க ஆவடியில ரெக்ஸின் பாத்து வச்சிருக்கேன், அளவ மட்டும் சொல்லு" என்றாள்.

இரும்புக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார், மாப்பிள்ளை. வண்டி போய் ஒரு மணி நேரம் ஆகிறது. ரெபேக்காளிடம் அதைச் சொல்லவில்லை. முன் சீட்டு நாற்பத்தைந்து இன்ச் என்று சொன்னேன், எழுதிக்கொண்டாள். ஆகவே மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம், அத்தையை அனுப்பவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். வழியில் செங்கல்பட்டில் அந்த இரும்புக் கடையில் ஒரு நிமிஷம் இறங்கிப் பார்க்க வேண்டும்.