விமானத்தைச் சலித்த சல்லடை

நான் பார்த்த மனிதர்களிலேயே மிக மெதுவாகச் சாப்பிட்டவர் சல்லடைதான். கல்லை ஒரு பக்கம், நொய்யை ஒரு பக்கம் ஒதுக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளார்க்காக இருந்தபோது, ஃபெக்டரியில் தேயிலைத் தூள் சலித்தவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது.

மனிதர்களையும் விடமாட்டார். "கங்காணி முழு இலை. கிளாக்கரய்யா, நீங்க ஒடைசல்ங்க" என்று மூஞ்சிக்கு நேரே தேயிலைத் தரம் சொல்வார்.

ஃபெக்டரியையே ஆட்டிவைத்த டீமேக்கர் ஐயா ஒருநாள், "நான் என்னடா?" என்று வாயைக் கொடுத்தார்.

"நீங்க இன்னும் காயலைங்க ஐயா."

அந்த வாரம் முழுக்கச் சல்லடைக்கு விறகு சுமக்கும் வேலை.

ஐயாவின் ஒரே மகன் கொழும்புப் பக்கம் ரத்மலானை விமான நிலையத்தில் மெக்கானிக். ஒருநாள் இரண்டு பேரோடு விமானத்தில் கிளம்பியவன், பனிமூட்டத்தில் எங்கள் மலையுச்சிப் பாறையில் முழு வேகத்தில் மோதிப் போய்ச் சேர்ந்தான்.

நாங்கள் ஏறிப் பார்த்தபோது கறுத்த குழி ஒன்றும், உள்ளங்கையில் அடங்கும் தகரத் துண்டுகளும்தான் கிடந்தன. "அவ்வளவு பெரிய பிளேன் எங்கடா? எம் புள்ள எங்கடா?" என்று ஐயா எல்லோரையும் கேட்டார்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். மெதுவாக விழுந்திருந்தால் வாலோ இறக்கையோ முழுசாகக் கிடைத்திருக்கும். வந்த வேகமெல்லாம் ஒரே நொடியில் பாறையில் நின்றதால், அந்த வேகமே விமானத்தை நொறுக்கிவிட்டது என்றார்.

"இலை உருட்டுற ரோலரை ஒரேயடியா இறுக்கினா இலை தூளாப் போயிருமே, அப்படிங்களா?" என்றார் சல்லடை.

"அப்படித்தான்."

அவ்வளவுதான், கீழே ஓடி ஃபெக்டரிச் சல்லடைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தேயிலைச் சல்லடையில் மண்ணா என்று தோட்டத்துத் தொரை கத்தினார். "கழுவிக் குடுத்துர்றேங்க தொரை" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மழை பிடித்துக்கொண்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குழி மண்ணைச் சலித்தார். ஈர மண் கம்பிக் கண்களை அடைக்க, விரலால் குத்திக் குத்தித் தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்து ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆணி, கம்பி, கருகிய துணி. மகன் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இன்னொரு தரம் சலிப்பா" என்று ஐயா கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததேயில்லை. சல்லடை மறுபடி சலித்தார்.

பொழுது சாயும்போது, மிஞ்சிய கருகலையும் சாம்பலையும் தன் துண்டில் முடிந்து ஐயாவின் மடியில் வைத்தார். "இதுல எது நம்ம தம்பி, எது மத்த ரெண்டு பேருன்னு எனக்குப் பிரிக்கத் தெரியலீங்க ஐயா."

ஐயா மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பிரிக்க வேணாம்ப்பா. மூணும் நம்ம புள்ளைங்கதான். சேர்த்தே காரியம் பண்ணிருவோம்."

இறங்கும்போது வழிநெடுக ஐயாவைவிடச் சல்லடைதான் அதிகம் அழுதார். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.